பறங்கியர் மொழியில் இறந்தகாலம்

கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்னும் நான்கும் இன்றி எமது வகுப்பறை இல்லை. நான்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். பெயர்ச்சொற்களைத் தாராளமாய் ஏற்றுக்கொண்ட தமிழ், அவர்தம் வினைச்சொற்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டது. அவ்வினைகளைக் கேட்க விரும்புவோர் பாலையூற்றுப் பக்கம் வாழும் பறங்கியர் இல்லங்களுக்கே செல்லல் வேண்டும். அங்கும் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே அவை எஞ்சியுள்ளன.

அம்மொழியைக் குறித்து எம்மவருட் சிலர், கற்றோருங்கூட, வழங்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: அஃது உடைந்த போர்த்துக்கேயம், இலக்கணமற்றது என்பதே. இதனை யாம் மறுக்கின்றோம். இறந்தகாலம் ஒன்றை மட்டும் எடுத்து நோக்குவோம்.

போர்த்துக்கல் நாட்டு வழக்கில் 'ஃபலார்' என்பது பேசுதலைக் குறிக்கும் ஒழுங்கான வினை. 'ஃபலேய்' என்றால் பேசினேன். 'ஃபலோ' என்றால் பேசினான். 'ஃபலாமுஷ்' என்றால் பேசினோம். அண்டை மொழியாகிய ஸ்பானியமும் 'ஆப்லே, ஆப்லோ, ஆப்லாமோஸ்' என அவ்வழியே செல்லும. தமிழைப் போன்றே இவையும் வினையீற்றால் இடமும் எண்ணும் உணர்த்துவன. பறங்கியரோ அவ்வீறுகளைக் களைந்து, 'ஜா' என்னும் ஒரு சொல்லை வினையின் முன் நிறுத்தினர். 'ஏவ் ஜா-ஃபலா' என்றால் நான் சொன்னேன். 'ஏலி ஜா-ஃபலா' என்றால் அவன் சொன்னான். 'நோஸ் ஜா-ஃபலா' என்றால் நாம் சொன்னோம். தாய்மொழியில் 'ஏற்கெனவே' என்று பொருள்பட்ட சொல், இங்கே இறந்தகால இடைச்சொல்லாயிற்று. நிகழ்காலத்துக்குத் 'த'வும் எதிர்காலத்துக்கு 'லோ'வும் உள. செய்தவர் யார் என்பதை எழுவாய் கூறிவிடுகின்றது. காலத்தை முன்னொட்டுக் கூறிவிடுகின்றது. இதிற் குறைந்தது யாது?

ஈறு இழந்த மொழியெல்லாம் உடைந்த மொழியாயின், மலையாளத்தை என்செய்வது? ஞானும் 'வந்நு', அவனும் 'வந்நு'. எமது சந்தையிற் கேட்கும் சிங்களமும் அத்தகையதே: 'மம கியா', 'எயா கியா', 'அபி கியா'. எழுத்துச் சிங்களமே ஈறுகளைப் பேணுகின்றது. இம்மொழிகளை இலக்கணமற்றவை என்று எவரும் இகழ்வதில்லை. பறங்கியர் சிறுதொகையினர் ஆதலால் அவர் மொழியை இகழ்தல் எளிதாகிவிட்டது.

மேலும், அம்மொழி எமக்கு உறவும் ஆகும். போர்த்துக்கேயத்திற் பெயருக்கு முன்னே நிற்கும் 'பாரா' என்னும் சொல் தேய்ந்து 'ப' ஆகி, எமது 'கு' உருபு போலப் பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டது. தமிழரோடு அண்டி வாழ்ந்தவர் வாயிலன்றி இம்மாற்றம் நிகழுமா?

கோணேசர் ஆலயத்தை இடித்து 1624இல் கோட்டை கட்டியவரின் மொழிக்கு இந்துக் கல்லூரி மலரில் இடமா என்று வினவுவோர் இருப்பர். அக்கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இடித்தவர் அகன்றனர், தச்சும் கொல்லும் தையலும் செய்து எம்மிடையே வாழும் இக்குடும்பங்கள் எதனையும் இடித்தவர் அல்லர். போர்த்துக்கேயருள்ளும் ஒருவர், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார், 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் இருந்து, இலத்தீன் வாய்பாட்டை முன்வைத்துத் தமிழ் வினைகளை வகுத்து இலக்கணம் எழுதினார். 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிற் கொணர்ந்தவரும் அவரே. அவருடைய சமயநோக்கம் வேறு. எனினும், எமது வினையீறுகளை அவர் செவிமடுத்த பொறுமையில் ஒரு பங்கையேனும் யாம் அயல்வீட்டார்க்குக் காட்டலாகாதா?

இளைய பறங்கியர் இன்று தமிழே பேசுகின்றனர். எமது மாணவரின் நகையும் அதற்கு ஒரு காரணம் என அஞ்சுகின்றோம். லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்டோசோ குழுவினர் அம்மொழியை அண்மை ஆண்டுகளில் ஒலிப்பதிவு செய்துள்ளனர். அப்பதிவுகளின் படி ஒன்று எமது நூலகத்திலும் இருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அம்முதியோரைக் கல்லூரி மண்டபத்துக்கு அழைத்துக் கதை சொல்லச் செய்வாராக. மேல்வகுப்பு மாணவர் அதனைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். எமது எழுத்துக்கள் அவ்வொலிகளுக்குப் போதுமா என்பதை அடுத்த நாள் இலக்கண பாடத்தில் ஆராயலாம்.