சிறு விமானங்களில் தீரும் எரிபொருள்: சறுக்குவது பழகிய கைகளே

சாலையில் எண்ணெய் தீர்ந்தால் காரை ஓரங்கட்டலாம். ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் தீர்ந்தால், எட்டும் தூரத்திலுள்ள வயலோ நெடுஞ்சாலையோதான் ஓடுபாதை. இயந்திரம் நின்றதும் விமானம் நேராக விழுந்துவிடாது; மிதந்தபடி இறங்கும். ஆனால், இடம் தேட விமானிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை, எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நிகழ்ந்ததாக அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தெரிவித்தது. 56 விழுக்காட்டில் எரிபொருள் முற்றாகத் தீர்ந்துபோனது. 35 விழுக்காட்டில் விமானத்தில் எரிபொருள் இருந்தும் இயந்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கருவிக் கோளாறு என்று பழிபோடவும் வழியில்லை; அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

புதியவர்கள் செய்யும் தவறு என்று நினைக்கத் தோன்றும். பயிற்சி மாணவர்களின் பங்கு வெறும் 2 விழுக்காடுதான்! ஏறக்குறைய பாதிப் பேர், வர்த்தக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ பெற்றவர்கள்.

1997 அக்டோபர் 12ஆம் தேதி கலிபோர்னியாவின் மாண்டெரே விரிகுடாவில் விழுந்து உயிரிழந்த பாடகர் ஜான் டென்வரும் அனுபவமுள்ள விமானிதான். எரிபொருள் நிரப்ப வேண்டாமென்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தொட்டி மாற்றும் பிடி அவரது இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.

பகலில் சேருமிடத்தை அடைந்த பின்னும் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவுக்கு எரிபொருள் வேண்டும் என்பது அமெரிக்க விதி. எதிர்க்காற்று பலமாக இருந்தால் அந்த அரை மணி நேரம் வழியிலேயே கரைந்துவிடும்.