லெவி கஜானாவுக்கு, மருந்துக்கு உண்டியலா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் தேக்காவுக்குப் போய் நின்று பாருங்கள். சிராங்கூன் ரோடும் பஃபலோ ரோடும் தமிழால் நிறைந்திருக்கும். ஒரே கடையில், ஒரே மேசையில், இரண்டு தமிழர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் சிங்கப்பூர்ப் பிரஜை. அவருடைய தாத்தா நம்மைப்போல் ஏதோ ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவராக இருக்கலாம். மற்றவர் புதுக்கோட்டைப் பக்கத்தில் கடன் வாங்கிக் கப்பம் கட்டி வந்து, பெர்மிட்டில் கட்டிட வேலை பார்ப்பவர். இருவருக்கும் வருவது ஒரே சர்க்கரை வியாதிதான். ஆனால் வியாதி வந்தபின் இருவரும் போகிற வாசல் வேறு.

பிரஜையின் கதை என்ன? 2010ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில், சீனரில் 9.7 சதவிகிதம் பேருக்கு இருந்த நீரிழிவு இந்தியரில் 17.2 சதவிகிதம் பேருக்கு இருந்தது. 2016ல் சர்க்கார் நீரிழிவின் மீது போர் தொடுத்தது. 2017ல் பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேருரையிலேயே, 60 வயது தாண்டிய இந்தியர் பத்துப் பேரில் ஆறு பேருக்கு இந்த வியாதி என்று எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து பிரஜைகள் ஐந்து வெள்ளியில் உடம்பைச் சோதித்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. “இந்தியர்கள் சிறுபான்மை, அவர்களே உண்டியல் குலுக்கிக் கொள்ளட்டும்” என்று யாரும் சொல்லவில்லை. பொதுப்பணம் இறங்கியது. நல்ல காரியம், பாராட்டுகிறோம்.

எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு? பொது ஆஸ்பத்திரியில் சர்க்கார் சலுகை கிடையாது. செலவு முதலாளி பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. முதலாளி காப்புறுதி எடுக்க வேண்டும். 2008ல் அது 5,000 வெள்ளி, 2010ல் 15,000, 2023 ஜூலையிலிருந்து 60,000. உயர்ந்தது உண்மை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுப்பதற்கும் அறுவைக்கும். 2022 ஏப்ரலில் விடுதித் தொழிலாளருக்குச் சாதாரண வைத்தியத் திட்டம் ஒன்றும் வந்தது. அதுவும் முதலாளி வாங்கித் தருவதுதான். தொழிலாளி நேரில் போய் வைத்தியம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஐந்து வெள்ளி கொடுக்கிறான். ஆக, அவன் ஆரோக்கியம் முழுவதும் முதலாளி என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணி கழன்றால்?

கழன்றவர்கள் இருக்கிறார்கள். வேலையில் அடிபட்டு, பெர்மிட் ரத்தாகி, நஷ்டஈட்டு வழக்குக்காகச் சிறப்புப் பாஸில் காத்திருப்பவர்கள். வேலை செய்யக்கூடாது, சம்பளம் கிடையாது. இவர்களுக்கு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் சோறு போடத் தொடங்கியது டி.டபிள்யூ.சி. 2 என்ற தொண்டுச் சங்கம். 2006ல் தோன்றிய ஹெல்த்சர்வ், கேலாங்கில் மருத்துவமனை திறந்து குறைந்த காசுக்கு வைத்தியம் பார்த்தது. பல் வலிக்கும் மன வலிக்கும்கூட அங்கேதான் போகிறார்கள். டாக்டர்கள் ஓய்வு நேரத்தில் கூலி வாங்காமல் வந்து பார்க்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். நம் சண்டை அவர்களோடு அல்ல. இவ்வளவு பணக்கார நகரத்தில் இந்த வேலையை நன்கொடையிடம் விட்டுவைத்தவர்களோடுதான்.

பணம் இல்லையா? கிராணிமார்களே, பென்சிலை எடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து கட்டிடத் தொழிலில், இந்தியாவிலிருந்து வந்த அடிப்படைத் தொழிலாளி ஒருவனுக்கு முதலாளி சர்க்காருக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி. தேர்ச்சி பெற்றவனுக்கு 500. வருஷத்துக்கு 10,800, குறைந்தது 6,000. ஒரு தலைக்கு! “லெவி ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத்தான், வருமானத்துக்கு அல்ல” என்பார்கள். காரணம் எதுவானாலும் காசு கஜானாவில்தானே விழுகிறது? முதலாளியும் அதைத் தன் கைப்பணமாக நினைப்பதில்லை. ஆள் செலவில் சேர்த்துத்தான் கூலியைப் பேசுகிறான்.

நம் பெரியவர்களுக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வரும். 1907ல் வெள்ளைக்காரன் சட்டத்தால் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, பிறகு இந்தியர் குடியேற்ற நிதி ஆயிற்று. தமிழ்க்கூலி வைத்திருந்த ஒவ்வொரு துரையும் அதற்குப் பணம் கட்டினான். கப்பல் கூலி அதிலிருந்து போயிற்று. உழைத்து ஒடுங்கியவர்களுக்குக் கோலாலம்பூரில் இல்லமும் நடந்தது. அந்தப் பணம் சர்க்காரின் பொது வருமானத்தில் கலக்கவில்லை, தனிப் பேரேடு. துரைமாருக்கு நம்மேல் கருணை பொங்கியதா? இல்லை. பிரட்டுக்கு ஆள் குறையக்கூடாது என்ற கணக்கு. லயத்தில் கிடந்து காய்ச்சலில் செத்த நம் பாட்டன்மாரைக் கேட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரியின் யோக்கியதை தெரியும். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனாலும் கேட்கிறோம்: தொழிலாளி தலைக்கு வாங்கிய பணம் தொழிலாளிக்கு என்று அந்தச் சுரண்டல்காரனே தனியாக எழுதி வைத்தானே, சுதந்திர நாட்டுக்கு ஏன் முடியாது?

“அவர்கள் வந்து போகிறவர்கள், பிரஜையின் வரிப்பணம் பிரஜைக்கே” என்று ஒரு வாதம். 2020 என்ன சொல்லிற்று? கொரோனா, ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் அடைத்துக் கிடந்தவர்களிடம் புகுந்தது. அந்த டிசம்பரில் சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவிகிதம் பேருக்குத் தொற்றியிருந்தது. அப்போது பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கஜானா திறந்தது. யாரும் பிரஜையா என்று கேட்கவில்லை. கிருமி ஊருக்குள் வரும் என்ற பயம் வந்தபோது இருந்த பணம், சர்க்கரைக்கும் முதுகு வலிக்கும் இல்லையாம்! ஒட்டிக்கொள்ளாத வியாதி என்பதுதான் அந்தத் தம்பி செய்த குற்றமோ?

நாம் கேட்பது தர்மம் அல்ல. லெவியில் வெள்ளிக்கு ஒரு காசு தனியாக எடுத்து வைக்கட்டும். 900 வெள்ளிக்கு மாதம் 9 வெள்ளி. அதிலிருந்து தேக்காவிலும் கேலாங்கிலும் விடுதி வாசலிலும் வேலை செய்யும் தொண்டு மருத்துவமனைகளுக்கு ஆண்டுதோறும் உறுதியான மானியம் போகட்டும். வருஷா வருஷம் விருந்து வைத்து நன்கொடை கேட்கும் நிலைமை அவர்களுக்கு வேண்டாம். பெர்மிட் ரத்தானவனுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். வழக்கு முடிகிறவரை அவன் இந்த மண்ணில்தானே இருக்கிறான்? அந்தச் சாதாரண வைத்தியத் திட்டத்தில் சேராத வீட்டு வேலைப் பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவர்கள் தலைக்கும் லெவி கட்டுகிறார்கள். பணம் வருகிற வழி ஏற்கெனவே இருக்கிறது. பேரேட்டில் ஒரு பத்தி திறக்க வேண்டியதுதான் பாக்கி. கிராணிமார்களே, அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.