சித்திரக் கல்லூரியும் கலைச் சரித்திரமும்

2024ஆம் வருஷம் ஜூன் மாத முதல் வாரத்தில், அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத்தில் கலைகளைக் கற்பிப்பதற்கென்றே ஏற்பட்டிருந்த சர்வகலாசாலையொன்று மூடப்பட்டது. மூடப்போவதாகச் செய்த அறிவிப்புக்கும் மூடிய தினத்திற்கும் இடையே ஒரு வாரமே இருந்தது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன், 1871இல் ஸ்தாபிதமான ஸான் பிரான்ஸிஸ்கோ சித்திரக் கலாசாலை வகுப்புகளை நிறுத்தி, மறுவருஷமே திவாலாயிற்று. 2021இல் இங்கிலாந்து சர்க்கார், சித்திரம், நாடகம், சங்கீதம் முதலியவற்றைக் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு அதிகச் செலவை முன்னிட்டு அளித்துவந்த விசேஷ மானியத்தை 3 கோடி 60 லக்ஷம் பவுனிலிருந்து 1 கோடி 90 லக்ஷம் பவுனாகக் குறைத்துவிட்டது.

கடல் கடந்த நாட்டுச் செய்திதானே, நமக்கென்ன என்று நேயர்கள் இதை ஒதுக்கிவிடலாகாது. நமது தேசத்திலும் 2020ஆம் வருஷத்திய தேசியக் கல்விக் கொள்கை, கலைப் பாடம், விஞ்ஞானப் பாடம் என்ற வேலிகளை அகற்ற வேண்டுமென்று சொல்லுகிறது. வேலியை அகற்றுவது நன்றே. ஆனால் சித்திரக் கல்விக்குள்ளேயே ஒரு வேலி நிற்கிறதே, அதை யார் கவனிக்கிறார்கள்? களிமண்ணும் வர்ணமும் கையாளுகிற மாணாக்கன் ஒரு கட்டடத்தில். சிற்பங்களின் காலத்தையும் கருத்தையும் படிக்கிற மாணாக்கன் வேறொரு கட்டடத்தில். முன்னவன் தன் முன்னோர் செய்ததை அறியான். பின்னவன் உளியை ஒருநாளும் தொட்டறியான். இந்தப் பிரிவினை எவ்வாறு உண்டாயிற்று, அதனால் நாம் இழந்ததென்ன என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

சென்னையில் 1850ஆம் வருஷம் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்னும் ராணுவ வைத்தியர் சித்திரப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். சில வருஷங்களில் அது சர்க்கார் வசமாயிற்று. பிறகு கல்கத்தாவிலும் பம்பாயிலும் லாகூரிலும் இத்தகைய பாடசாலைகள் தோன்றின. அவற்றின் நோக்கம் என்ன? நல்ல தொழிலாளிகளையும், அளவு தவறாமல் கோடு போடும் நகலாளர்களையும் உண்டாக்குவதே பெரும்பாலும் நோக்கமாயிருந்தது. மாணாக்கர் முன்னால் கிரேக்க ரோமானியச் சிலைகளின் சுண்ண வார்ப்புகள் வைக்கப்பட்டன. மாமல்லபுரம் சென்னைக்குச் சுமார் 35 மைல் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பாடத்திட்டத்திலோ அது ரோமாபுரியைவிடத் தொலைவில் இருந்தது.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலேயரே என்பதை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈ. பி. ஹாவெல் 1884இல் சென்னைப் பாடசாலைக்கு வந்தவர். பின்னர் 1896 முதல் கல்கத்தாப் பாடசாலைக்குத் தலைவராயிருந்தார். அங்கே ஐரோப்பியப் படங்களின் நகல்களை அப்புறப்படுத்தி, மொகலாயச் சித்திரங்கள் முதலிய நம் நாட்டுப் பொருள்களைச் சேகரித்து வைத்தார். அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர்கள் யார் தெரியுமா? நம் பிள்ளைகள்! உயர்ந்த ஐரோப்பியக் கலையை நமக்குக் கொடாமல் ஏமாற்றுகிறார்கள் என்று அவர்கள் சந்தேகித்தார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. தன் வீட்டிலிருப்பது இன்னதென்று ஒருவனுக்கு ஒருபோதும் சொல்லப்படாவிடில், அதை மதிக்கும்படி திடீரென்று சொல்லும்போது சந்தேகம் பிறப்பது இயற்கையே. அவர்களுக்குக் கைப்பயிற்சி இருந்தது, சரித்திரம் இல்லை.

சரித்திரம் பிறர் கையில் இருந்ததன் பலனை 1910ஆம் வருஷம் லண்டனில் கண்டோம். ஹாவெலின் பிரசங்கமொன்றுக்குத் தலைமை வகித்த ஸர் ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாவிலுள்ள புத்தர் சிலையொன்றின் படத்தைக் காட்டி, வேகவைத்த கொழுப்புப் பணியாரமும் அச்சிலையைப்போலவே மனச்சாந்திக்கு அடையாளமாக இருக்கக்கூடும் என்று பரிகசித்தார். அவர் மூடரல்லர். இந்தியக் கைத்தொழில்களைப் புகழ்ந்து பெரிய நூலெழுதியவர். நம் நெசவையும் நகையையும் மெச்சியவருக்கு நம் சிலையின் பொருள் விளங்கவில்லை. கைத்தொழில் உண்டு, உயர்ந்த கலை இல்லை என்பது அவர் தீர்ப்பு. அவருக்கு மறுப்பாக வில்லியம் ரோதன்ஸ்டைன் முதலிய 13 பேர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்வருஷமே இந்தியக் கலையை ஆதரிக்கும் சங்கமொன்றும் லண்டனில் ஏற்பட்டது. ஒரு தேசத்தின் கலையைப்பற்றிய வழக்கு அயல்நாட்டுக் கோர்ட்டில் நடந்தது. நீதிபதியும் அயலார், வக்கீலும் பெரும்பாலும் அயலார், நம்மவருள் ஆனந்த குமாரசுவாமியைப் போன்ற மிகச் சிலரே வாதிக்க வல்லவராயிருந்தனர். இந்த நிலை மறுபடியும் வரலாமா என்பதே நமது கேள்வி.

இதற்கு விடை தேடியவர்கள் நம்மிடையே தோன்றாமலில்லை. ரவீந்திரநாதர் 1919இல் சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தைத் தொடங்கினார். நந்தலால் போஸ் அங்கே மாணாக்கரைச் சுவருக்கும் வயலுக்கும் கிராமத் தொழிலாளிக்கும் அருகில் அழைத்துச் சென்றார். ஸ்டெல்லா கிராம்ரிஷ் அங்கே கலைச் சரித்திரம் போதித்தார். தீட்டுகிறவரும் ஆராய்கிறவரும் ஒரே மரநிழலில் உட்கார்ந்தனர்.

அந்த மரநிழலுக்குச் சென்ற ஓர் இளைஞரின் வரலாறு நம் மாகாணத்தைச் சேர்ந்தது. கே. ஜி. சுப்பிரமணியன் மலையாள நாட்டிலே தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சர்க்கார் கல்லூரிகளில் சேரக்கூடாதென்று அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. 1944இல் கலாபவனம் சேர்ந்தார். பின்னர் பரோடாவில் ஆசிரியராகி, ஓவியம், பொம்மை, சுவர்ச் சித்திரம் எல்லாவற்றிலும் கை தேர்ந்ததோடு, நம் கலை மரபைப்பற்றி ஆழ்ந்த நூல்களும் எழுதினார். சர்க்கார் ஒரு கதவை அடைத்தது. தேசம் வேறொரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அவ்வாறு திறந்த கதவுகள் இன்று எத்தனை இருக்கின்றன?

பரோடா சர்வகலாசாலை 1949இல் ஏற்பட்டது. மறுவருஷமே அதில் நுண்கலைப் பிரிவு தொடங்கிற்று. தேசபக்தையான ஹன்ஸா மேத்தா அப்போது துணைவேந்தர். மற்றப் பாடசாலைகள் டிப்ளொமா கொடுத்துவந்த காலத்தில் அங்கே பட்டம் கொடுத்தார்கள். அதனினும் முக்கியம், கலைச் சரித்திரத்திற்கும் அங்கேயே ஒரு துறை வைத்ததுதான். சிற்பக் கூடத்திற்கும் புத்தகசாலைக்கும் நடுவே சில அடி தூரமே. அதன் பயனாக, ரத்தன் பாரிமூ, குலாம் முகம்மது ஷேக் போன்றவர்கள் ஓவியராயும் சரித்திராசிரியராயும் ஒருங்கே விளங்கினார்கள்.

அந்தச் சேர்க்கைக்கு 2007ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு சோதனை வந்தது. பரீட்சைக்கு வைத்த சித்திரங்கள் மத உணர்ச்சியைப் புண்படுத்துவதாகப் புகார் எழுந்து ஒரு மாணாக்கர் கைது செய்யப்பட்டார். அப்போது கலைச் சரித்திர மாணாக்கர், நம் பழைய கோயிற் சிற்பங்களிலும் சித்திரங்களிலும் சிருங்காரம் எவ்வாறு இடம் பெற்றிருக்கிறது என்பதைக் காட்டும் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். அதை மூடும்படி அதிகாரிகள் சொன்னதற்கு இணங்காத தலைவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். அச்சித்திரங்கள் நல்லவையா அல்லவா என்பதில் நேயர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. கூச்சலுக்கு எதிர்க்கூச்சல் எழுப்பாமல், சாட்சியங்களைக் கொண்டுவந்து சபையின் முன் வைத்தார்கள் அம்மாணாக்கர். சரித்திரம் படித்தவன் செய்யக்கூடியது அது. படியாதவன் பயந்து ஓடுவான், அல்லது கல்லெறிவான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 1960ஆம் வருஷத்திய கோல்ட்ஸ்ட்ரீம் கமிட்டி, சித்திரக் கல்லூரிகளில் கல்விக் காலத்தில் சுமார் 15 சதவிகிதத்தைக் கலைச் சரித்திரத்துக்கும் துணைப் பாடங்களுக்கும் ஒதுக்கச் சொல்லிற்று. எட்டு வருஷங்களுக்குப்பின், லண்டன் ஹார்ன்ஸி கல்லூரி மாணாக்கர் கட்டடத்தையே தம் வசப்படுத்திக்கொண்டு, கல்விமுறை முழுவதையும் விசாரணைக் கூண்டில் ஏற்றினர். ஆகவே, மேலிருந்து விதித்து, இருட்டறையில் படங்களைக் காட்டிப் பரீட்சை வைப்பதனால் மட்டும் காரியம் ஆகிவிடாது. இன்னொரு வாதமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய சிற்பிகள் எந்தக் காலேஜில் சரித்திரம் படித்தார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களுக்குத் தந்தையே ஆசிரியர். சிற்ப சாஸ்திரமே பாடம். முன்னோர் எழுப்பிய கோயில்களே புத்தகசாலை. கையும் சரித்திரமும் அவர்களிடம் பிரியவேயில்லை. அந்தச் சங்கிலி அறுந்த இடத்தில்தான் கல்லூரி தேவையாகிறது. 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்விக்கு சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டதும் இக்காரணம் பற்றியே.

சங்கிலி அறுந்ததன் நஷ்டத்தை நம் கோயில்களிலேயே காணலாம். திருப்பணி என்ற பெயரால் பழஞ்சித்திரங்கள்மீது சுண்ணாம்பு அடித்தார்கள். யந்திரத்தால் மணலைப் பீய்ச்சிக் கற்களைச் சுத்தம் செய்யப் புகுந்து, கல்வெட்டெழுத்தையும் சிற்பத்தின் மூக்கையும் விரலையும் தேய்த்தார்கள்; பிறகுதான் தடை வந்தது. செய்தவர்கள் துஷ்டர்களல்லர். பக்தர்களே! அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவன் பக்கத்தில் இல்லை.

இதற்கு மாறான உதாரணமும் தஞ்சையிலேயே இருக்கிறது. 1931இல் அண்ணாமலை சர்வகலாசாலையைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலச் சித்திரங்களின் அடியில் சோழர் காலச் சித்திரங்கள் மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் புதைபொருள் இலாகாவினர் மேற்பூச்சைச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் பதித்து, இரண்டு காலத்துச் சித்திரங்களையும் காப்பாற்றினார்கள். எது எந்தக் காலத்தது என்று சொல்லச் சரித்திரம் வேண்டும். பூச்சின் குணமறிய ரசாயனம் வேண்டும். பெயர்க்கப் பழகிய கை வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் சோழனாவது நாயக்கனாவது அழிந்திருப்பான்.

ஆகையால் நாம் கோருவது இவை. முதலாவது, சித்திரக் கல்லூரிகளில் கலைச் சரித்திரம் பரீட்சைக்கு முன் உருப்போடும் பாடமாக இராமல், கோயில், குகை, காட்சிச்சாலைகளின் முன் நின்று வரைந்து கற்கும் பாடமாக வேண்டும். இரண்டாவது, சரித்திரத்தில் பட்டம் பெற விரும்புவோர் ஒரு வருஷமாவது மண்ணும் கல்லும் வர்ணமும் கையாள வேண்டும். மூன்றாவது, பாடப் புத்தகங்கள் தமிழில் வேண்டும். நான்காவது, எந்தத் திருப்பணிக் கமிட்டியும் இத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரையேனும் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொள்ளாமல் சுவரைத் தொடலாகாது. வேலையில்லாத படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்வது நியாயமன்று. வேலையோ ஊர்தோறும் காத்துக் கிடக்கிறது.

சொன்னதும் படம் எழுதும் யந்திரம் வந்துவிட்டதே, இனிச் சித்திரக் கல்லூரி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்த யந்திரம் முன்னமே தீட்டப்பட்டவற்றைத் தின்றுதான் புதியவற்றைக் கக்குகிறது. எதைப் பார்த்து எது செய்யப்பட்டது, யாருடைய உழைப்பு எங்கே போயிற்று என்று கண்டு சொல்லக்கூடியவர்கள் முன்னெக்காலத்தினும் இப்போதே அதிகம் வேண்டும்.

2016இல் இங்கிலாந்தில் பள்ளி இறுதிப் பரீட்சையிலிருந்து கலைச் சரித்திரத்தை எடுத்துவிடப்போவதாக, அதை நடத்திவந்த ஒரே பரீட்சை சபை அறிவித்தது. அறிஞரும் ஆசிரியரும் உரத்துக் கேட்டார்கள். சில வாரங்களுக்குள் வேறொரு சபை அப்பாடத்தை ஏற்றுக்கொண்டது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நம்முடைய சட்டசபை அங்கத்தினர்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் இதுவரை இந்த விஷயத்தைக் கேட்டதுண்டா? அடுத்த மானியக் கோரிக்கையின்போதாவது யாரேனும் ஒருவர் எழுந்து கேட்பாராக.