நின்றிருந்த காரும் நிற்க வேண்டிய காரும்

சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்க்கும் பிள்ளை பெற்றோரின் சௌகரியத்துக்கென்று வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார், வந்தவாசித் தெருக்களில் உறை போர்த்தப்பட்டு, வெயில் காலத்தில் வடாம் உலர்த்தும் மேடையாகவும் உபயோகப்பட்டு, ஐப்பசி கார்த்திகை மழையை நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டு, ஆரணிக்குப் போய்க் கல்யாணப் பட்டு எடுக்க வேண்டிய நாளில்தான் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. அன்று பின்சக்கரம் அசைய மறுக்கும். உடனே யாராவது ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட்டு, 'டங்' என்ற ஓசையோடு வண்டியைப் பிய்த்தெடுத்துவிட்டுத் தம் சாமர்த்தியத்தை வியந்துகொள்வார்.

அந்தச் சாமர்த்தியம் அபாயகரமானது. சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால், ஷூவின் லைனிங் வார்ப்பிரும்பு டிரம்மை இறுகப் பற்றியபடியே கிடக்க, இடையில் புகுந்த ஈரம் துருவாகி இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. பலாத்காரமாக இழுத்தால் லைனிங் ஷூவை விட்டே பெயர்ந்து வரக்கூடும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மெல்ல மாறிமாறி அசைத்துப் பார்ப்பது, அதற்கும் மசியாவிட்டால் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, டிரம்மை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுவது, கடைசியாக டிரம்மைக் கழற்றித் துருவைத் தேய்ப்பது என்பதே பட்டறைக்காரர்கள் அனுசரிக்கும் கிரமம். மண்ணெண்ணெயும் கிரீஸும் லைனிங்கில் பட்டுவிட்டால் ஒட்டல் விடும், பிரேக்கும் விடும். இந்தச் சங்கடமே வேண்டாமென்றால், சமதரையில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிட்டுப் போகலாம்.

முன்சக்கர டிஸ்க்கில் ஒரே இரவு மழைக்குப் படியும் துரு எழுப்பும் கரகரப்பைக் கேட்டு ஜனங்கள் கலவரமடைகிறார்கள். அதுவோ சில தடவை பிரேக் மிதித்ததும் தேய்ந்து மறைந்துவிடும். சத்தம் நீடித்தாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, சக்கரம் கை வைக்க முடியாதபடி சுட்டாலோதான் பேட் தேய்ந்ததையும் காலிப்பர் இறுகியதையும் சந்தேகிக்க வேண்டும். சத்தமே போடாத தோஷம் பிரேக் ஆயிலில் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 ரகம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது என்றால், ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை அமிழுமே தவிர வண்டி நிற்காது. கார் ஓடாவிட்டாலும், இரண்டு ஆண்டுக்கொருமுறை அதை மாற்றியே ஆகவேண்டும்.

ஆண்டுதோறும் புகைச் சான்று கேட்கும் சர்க்கார், சொந்தக் காரின் பிரேக்கைப் பதிவுக்குப் பின் 15 ஆண்டுகள் வரை ஒருமுறையேனும் பார்ப்பதில்லை. அதுவரை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, வாடகை வண்டி முதலான வணிக வாகனங்களுக்கு மட்டுமே கட்டாயம். பிரிட்டனிலோ, 1960-லேயே பத்தாண்டு கடந்த கார்களின் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் மூன்றையும் சோதிக்கும் ஏற்பாடு வந்து, இன்று மூன்றாண்டு நிறைந்த ஒவ்வொரு காருக்கும் வருஷாந்தரச் சோதனையாக வளர்ந்திருக்கிறது. 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் தோன்றிய காலந்தொட்டு நாட்டுக்கெல்லாம் பிரேக் செய்து அனுப்பும் தமிழ்நாட்டில் இந்த அலட்சியம் பொருந்தவில்லை.

வண்டியைப் பாராமலே புகைச் சான்று எழுதித் தருகிறார்கள் என்ற குறை ஏற்கெனவே இருக்கையில், இன்னொரு காகிதத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. ஆகையால் நான் காகிதம் கேட்கவில்லை. ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பதற்கும், கையடக்கக் கருவியால் பிரேக் ஆயிலின் ஈரத்தை அளப்பதற்கும் பெரிய யந்திரசாலை அவசியமில்லை. ஜனவரி தோறும் ஹெல்மெட் ஊர்வலத்தோடு நடக்கும் சாலைப் பாதுகாப்பு மாதத்தில், வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் உள்ளூர் மெக்கானிக்குகளைத் துணைக்கழைத்து, வந்தவாசி போன்ற ஊர்களில் இந்தச் சோதனையை இலவசமாக நடத்தலாம். பொங்கலுக்கு ஊர் வந்த பிள்ளைகள் உறையை நீக்கிக் காரை வெளியே எடுப்பதும் அந்த மாதத்தில்தான் என்பதால், போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதற்கு உசிதமான நாள்.