பூட்டத் தெரிந்தால் போதுமா?

ஜூலை 30, ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாள். ஆண்டுதோறும் அன்று மேடையேறுகிறவர்கள் எத்தனை பேரை மீட்டோம் என்று கணக்கு வாசிக்கிறார்கள். மீட்டவர்களை யார் கையில் ஒப்படைத்தோம் என்று யாரும் வாய்திறப்பதில்லை. மீட்கப்பட்ட பெண்களுக்கான உஜ்வாலா, ஆதரவற்ற பெண்களுக்கான ஸ்வதார் கிரஹ் திட்டங்களை 2022இல் ‘மிஷன் சக்தி’க்குள் இணைத்து, இல்லங்களுக்குச் ‘சக்தி சதன்’ என்று பெயர் சூட்டியது ஒன்றிய அரசு. பெயர்ப்பலகை மாறியது சரி; உள்ளே சாவிக்கொத்து வைத்திருப்பவருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி, மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். போலீஸ் வந்து போகும், வக்கீல் வந்து போவார், ஆற்றுப்படுத்துநர் வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார். இரவும் பகலும் கூட இருப்பவர் காப்பாளர்தான். அவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஓரிரு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம்.

நம் நாட்டில் எலக்ட்ரீஷியன் ஆக ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். வகுப்பு உண்டு, செய்முறை உண்டு, தேர்வு உண்டு. தேறாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. ஒயரைத் தொடுவதற்கே இத்தனை கெடுபிடி. ஆண்டுக்கணக்கில் அடிபட்டு, விற்கப்பட்டு, மிரட்டப்பட்ட ஒரு மனத்தைத் தொடுவதற்கு இரண்டு நாள் போதுமாம். இந்த ஒப்பீட்டை எங்கே சொன்னாலும் அதிகாரிகள் சிரிக்கிறார்கள். பதில் மட்டும் வருவதில்லை.

பயிற்சி இல்லையென்றால் என்ன ஆகும்? இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்பது இல்லத்தின் விதி. இருட்டில் கதவுச் சத்தம் கேட்டாலே நடுங்குகிற பெண், விளக்கு எரியட்டும் என்று கெஞ்சுகிறாள். “வந்த எடத்துல ராணி மாதிரி இருக்கணுமோ?” என்று பதில் வருகிறது. சாப்பிட மறுத்தால் திமிர், அழுதால் நடிப்பு, வீட்டுக்குப் போகிறேன் என்றால் ‘பழைய தொழிலுக்கு ஓடப் பார்க்கிறாள்’. பயிற்சி பெற்றவர் கதவைத் தட்டி, “உள்ள வரலாமாம்மா?” என்று கேட்டு நுழைவார். நாளை எங்கே கூட்டிப்போகிறோம், அங்கே யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வார். போலீஸிடமும் டாக்டரிடமும் நடுவரிடமும் சொல்லித் தீர்ந்த கதையை மறுபடி கிளற மாட்டார். தன் உடம்பும் நேரமும் தன் வசம் இல்லாமல் வாழ்ந்தவளுக்கு, சின்னச் சின்ன முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பதுதான் சிகிச்சையின் முதல் படி.

இதெல்லாம் தெரியாததல்ல. 2022 மார்ச்சில் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து ஒன்றிய அரசு தொடங்கிய ‘ஸ்திரீ மனோரக்‌ஷா’ திட்டம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்களின் பணியாளர்கள் 6,000 பேருக்குப் பயிற்சி தர இலக்கு வைத்தது. காவலாளி, சமையலரைக்கூட விட்டுவிடவில்லை. அந்த மையங்களில் ஒரு பெண் தங்குவது அதிகபட்சம் ஐந்து நாள். ஐந்து நாள் பார்த்துக்கொள்பவருக்கு நிம்ஹான்ஸ். மூன்றாண்டு பார்த்துக்கொள்பவருக்குப் பயிலரங்கு. இந்தக் கணக்கைப் போட்ட மேதை யார்?

“அன்பு இருந்தால் போதும், படிப்பு எதற்கு?” என்பவர்களோடு வாதாட நேரமில்லை. பணமில்லை என்பவர்கள் விழாப் பந்தலுக்குச் செலவிடுவதை நிறுத்தட்டும். “கண்காணிப்புதான் குறை, பயிற்சி அல்ல” என்பவர்கள் முசாபர்பூரை நினைத்துப் பார்க்கட்டும். பிகாரின் அந்தச் சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை, டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய சமூகத் தணிக்கையால் 2018இல் வெளிவந்தது. 2020இல் டெல்லி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 19 பேரில் ‘இல்லத் தாய்’களும் இருந்தார்கள். படிப்பும் உரிமமும் கட்டாயமாக இருந்திருந்தால் அப்படிப்பட்டவர்கள் அந்த வாசற்படியே ஏறியிருக்க முடியாது.

காப்பாளர் பணிக்கு ஓராண்டுப் படிப்பு, தேர்வு, உரிமம், அதற்கேற்ற சம்பளம் என்று சட்டம் வேண்டும். உரிமம் இல்லாதவரை வைத்து நடத்தும் இல்லத்துக்கு ஒரு ரூபாய் மானியமும் தரக் கூடாது. அதைச் செய்யாத அரசு யாரையும் மீட்கவில்லை. ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான்.