கயிறு மட்டும் புதுசாக இருக்கட்டும்!

லீவு நாளில் காடு, மேடு, ஆற்றுப்படுகை என்று ஜீப்பை ஓட்டிக்கொண்டு போவது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. வண்டி சேற்றில் சிக்கிவிட்டால்? அதற்குத்தான் முன் பம்பரில் வின்ச். கயிற்றை இழுத்துக்கொண்டு போய், எதிரே இருக்கும் மரத்தில் சுற்றிய பட்டையில் கொக்கியை மாட்டிப் பொத்தானை அழுத்தினால், பேட்டரியில் ஓடும் மோட்டார் கயிற்றை உருளையில் சுற்றும். வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வரும். கிணற்று ராட்டினத்துக்கு மோட்டார் வைத்த கதைதான்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய ராணுவ ஜீப்புகளுக்கு உதிரிபாகம் செய்ய, 1948-ல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம் வார்ன். அவர்கள் 1974-ல் கொண்டுவந்த 8274 என்ற வின்ச்சுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ இழுக்கும். துருப்பிடித்துக் கிடந்தாலும் தேடிப்பிடித்து வாங்கிப் பழுதுபார்க்கிறார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. கட்டுமானம் எளிது, பல்சக்கரங்கள் கனம், உதிரிபாகமும் கிடைக்கிறது.

இந்தப் பழைய வின்ச்சுகள் பெரும்பாலும் உழைத்துக் கெட்டவை அல்ல. சும்மா இருந்து கெட்டவை. வருஷத்துக்கு நாலு தடவை வேலை. மற்ற நாளெல்லாம் பம்பரில் மழையும் வெயிலும். மோட்டாரைத் திறந்தால் துருவும், இறுகிப்போன பேரிங்கும், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷும் பயமுறுத்தும். ஆனால் பேரிங், பிரஷ் மாற்றிவிடலாம். பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். இரும்புப் பஞ்சு மட்டும் கூடாது. அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகிவிடும். கியரில் மாட்டுவதற்கு முன் மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்ப்பதென்றால் ஓரிரு விநாடிதான். இந்த வகை மோட்டார் சுமை இல்லாமல் ஓடினால், வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னையே சிதைத்துக்கொள்ளும்.

விவகாரமான ஆசாமி சோலனாய்டு. முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். (வீட்டு ஏ.சி. ஏழெட்டு ஆம்பியரோடு திருப்திப்பட்டுவிடும்.) இவ்வளவு மின்சாரத்தைக் கையில் பிடிக்கும் ஸ்விட்ச் தாங்காது. அதனால் ஸ்விட்ச் சோலனாய்டுக்கு உத்தரவு போடும். சோலனாய்டு மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். பழைய வின்ச்சில் இப்படி நாலு இருக்கும். கயிற்றைச் சுற்ற இரண்டு, அவிழ்க்க இரண்டு. பேட்டரி பலவீனமாக இருந்தால் உள்ளே இருக்கும் செம்பு முனைகள் படபடவென்று அடித்துக்கொண்டு, தீப்பொறியில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்விட்ச்சை விட்டாலும் வின்ச் நிற்காது. கொக்கி பக்கத்தில் யாராவது கை வைத்திருந்தால் என்ன ஆகும்? எனவே பழைய சோலனாய்டைச் சுரண்டிச் சுரண்டிப் பயன்படுத்துவது தப்பான சிக்கனம். கேபிள்களையும் கையோடு மாற்றி, பேட்டரி அருகே மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் வைத்துவிடுவது நல்லது. பழைய வண்டிகள் பலவற்றில் அது இருக்காது.

பிரேக்கும் அப்படித்தான். மோட்டார் நின்றதும் சரிவில் தொங்கும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். தட்டுகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கையில் கிடைத்த கிரீஸை அப்பாமல், தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்ணெயை மட்டுமே போட வேண்டும்.

இனி கயிறு. பழைய பொருள் பிரியர்கள் சறுக்கும் இடம் இதுவே. வின்ச்சோடு வந்த இரும்புக் கயிறு அசலாயிற்றே என்று எண்ணெய் பூசித் திரும்பச் சுற்றுவார்கள். அதன் துரு வெளியே தெரிவது கொஞ்சம், உள்இழைகளில் அதிகம். முழு இழுவையில் அறுந்தால் சாட்டை போல் வீசி வரும். ஆளைக் கொன்றுவிடக்கூடிய அடி அது. அசல் கயிறுதான் வேண்டும் என்றால் சுருட்டிச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளட்டும். வண்டிக்குப் புதுக் கயிறு, புதுக் கொக்கி.

இப்போது பலர் செயற்கை இழைக் கயிறுக்கு மாறுகிறார்கள். எடை குறைவு, அறுந்தாலும் அடி குறைவு. ஆனால் பல வருஷம் இரும்புக் கயிறு உரசிய உருளையிலும் முன் உருளிகளிலும் பிசிறு இருக்கும். அதைத் தேய்த்து வழவழப்பாக்காமல் இழைக் கயிற்றைச் சுற்றினால் சீக்கிரமே அறுத்துவிடும்.

எல்லாம் மாட்டியாயிற்றா? முதல் வேலை சேற்றில் வேண்டாம். லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, கொக்கியை மேலே கட்டி, புதுக் கயிறு இறுக்கமாகச் சுற்றும்படி மெல்ல மேலே வர வைக்க வேண்டும். இரும்புக் கயிறானால் குறைந்தது ஐந்து சுற்று எப்போதும் உருளையிலேயே இருக்க வேண்டும். கையில் தோல் உறை, கயிற்றின் நடுவில் கனமான போர்வை. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால்!