எண்பது எட்டு தள்ளிக் குளி!

கார்த்திகை பிறந்தால் போதும், எங்கள் கடையநல்லூர் வழியாகப் போகிற கொல்லம் ரோடு முழுக்கக் கறுப்பு வேட்டிதான். வேனிலேயே பம்பை வரை போகிறவர்களை விடுங்கள். எருமேலியில் இறங்கி, அழுதை, கரிமலை என்று 40 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் நடக்கிறார்களே, பெருவழி சாமிகள், அவர்களுக்காக இந்த வாரம்.

ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே சாயங்காலத்துக்குள் காலர் கறுத்துப் போகிற ஆசாமிகள் நாம். கரிமலை ஏற்றத்தில் என்ன கதி?

நான் காமர்ஸ் படித்தவன். துணிக்கும் கணக்குத்தான் பார்ப்பேன். இரண்டே செட். ஒன்று நடக்க, ஒன்று படுக்க. மூன்றாவது செட் சொத்து இல்லை, கடன்! அலசிய வேட்டியைக் காய்ந்த துண்டில் சுருட்டி முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். காலையில் பை மேல் விரித்துப் போட்டால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். இருட்டினபிறகு மட்டும் ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். அது யானைகளின் ஷிஃப்ட்!

குளிக்க வழி இல்லையா? ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு துண்டு போதும். கக்கம், தொடை இடுக்கு, விரல் இடுக்கு மூன்றையும் துடைத்து உலர விடுங்கள். வியர்வை உப்பு உரசித்தான் தொடை புண்ணாகிறது.

"நமக்கு சோப்பே வேண்டாம் சாமி, சீயக்காய்தான். இயற்கை!" என்றார் ஒரு குருசாமி.

"சாமி, சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது சாப்போனின் என்ற சரக்கால். மீனுக்கு அது விஷம். பூந்திக்கொட்டையை இடித்து நீரில் கலக்கி மீன் பிடித்தவர்களும் உண்டு" என்றேன்.

"சாமியே சரணம்" என்றார்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று 3,500 கிலோமீட்டர் நீள மலைப்பாதை. முழுசாக நடக்க ஐந்தாறு மாதம் ஆகும். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் விதி ரொம்ப சிம்பிள். தண்ணீரை மொண்டுகொண்டு ஆற்றிலிருந்து 200 அடி தள்ளிப் போ. அங்கே குளி, துவை. அழுக்குத் தண்ணீரை மண்ணில் பரவலாக ஊற்று. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோப்பைச் சிதைத்துவிடும். 200 அடி என்பது சுமார் 80 எட்டு. கரிமலை ஏறுகிறவருக்கு 80 எட்டு ஒரு பாரமா?

நாமோ துவைக்கிற சிரமமே வேண்டாம் என்று வேட்டியையே பம்பையில் விட்டோம். அப்படி ஓர் ஆசாரமே இல்லை என்று தந்திரியே சொன்னார். 2015-ல் கேரள ஹைகோர்ட்டும் தடை போட்டது. இந்தப் பக்கம் பாபநாசத்தில் தாமிரபரணிக்கும் இதே கதிதான்.

பாவத்தை ஆற்றில் விடுங்கள் சாமி. வேட்டி வீட்டுக்கு வரட்டும், வாளி காத்திருக்கிறது!